ஹெரால்டின் முன்னங்கால்கள்

டிராக் பந்தயத்தில் வளைவே கிடையாது. கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர், ஒரே நேர்கோடு. இரண்டு வண்டிகள் புறப்படும். முதலில் போய்ச் சேர்ந்தது ஜெயித்தது. இப்படி நேராக ஓடுகிற வண்டிக்கு முன்புற ஸஸ்பென்ஷனைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சென்னீர்குப்பத்தில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கும் என் நண்பர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

விஷயம் இதுதான். வண்டி சீறிப் புறப்படும்போது பாரம் பின்னால் சாய்கிறது, மூக்கு எழும்புகிறது. பின்சக்கரத்தில் பாரம் ஏற ஏறத் தரையில் பிடிப்பு அதிகம். ஆகவே முன்பக்கம் சுலபமாக எழ வேண்டும். நிதானமாக இறங்க வேண்டும். அப்போது சக்கரங்கள் துளியும் திசை மாறக்கூடாது. மாறினால், பக்கத்துப் பாதையில் வருகிறவர் கதி என்ன?

1950, 60களில் அமெரிக்க வாலிபர்கள் கம்பெனி கொடுத்த முன்பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய வண்டிகளின் ஒற்றை அச்சையும் பட்டை ஸ்பிரிங்கையும் மாட்டினார்கள். நம் கட்டை வண்டி அச்சுக்கு அது தூரத்து உறவு! பிறகு 1974 மாடலாக ஃபோர்டு மஸ்டாங் இரண்டு வந்தது. அந்தக் காரை மெச்சியவர்கள் குறைவு. ஆனால் அதன் முன்புற ஸஸ்பென்ஷனை நகலெடுத்து, எந்தப் பழைய காருக்கும் மாட்டலாம் என்று இன்றும் விற்கிறார்கள்.

நண்பருக்கு ஒற்றை அச்சின் மீதுதான் மோகம். எனக்கு அது பிடிக்கவில்லை. கனத்த வி-8 எஞ்சினைச் சுமக்கும் அச்சு, 948 சி.சி. ஹெரால்டுக்கு எதற்கு? அம்பாஸிடரின் முன்பாகத்தைப் பொருத்தலாமா என்றும் யோசித்தார். அதில் சுருள் ஸ்பிரிங் இல்லை. முறுக்கிக்கொள்ளும் எஃகுத் தண்டு. பக்கத்து ஆவடியில் 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கியும் அத்தகைய தண்டுகளின் மேல் ஓடியதுதான். டாங்கிக்குச் சரி.

சோழவரத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதை அது. 1953-ல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் வரும்வரை சோழவரத்தின் பெயர்தான் பெரிது. அங்கே சீமைப் பந்தயக் கார்களோடு ஃபியட், ஹெரால்டு போன்ற வீட்டு வண்டிகளும் ஓடின. நேற்றுப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட வண்டி!

ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் பிறந்தது. 1961 முதல் சென்னையில் தயாராயிற்று. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் காலை, லோட்டஸ் கம்பெனியே தன் 'ஸெவன்', 'எலான்' கார்களுக்கு எடுத்துக்கொண்டது. உலகம் விலை கொடுத்து வாங்கிய பந்தயக் கால், நண்பரின் கொட்டகையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. அந்தக் காலின் அடிமுனை, வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் மரை போட்டு இறங்குகிறது. எண்ணெய் காய்ந்தால் மரை தேயும், துருப்பிடிக்கும். ஒருநாள் கால் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். நண்பருடைய வண்டியில் இரண்டு பக்கமும் கிரீஸ் கட்டியாக உறைந்திருந்தது.

கால்களும் கட்டைகளும் புதிதாகத் தேடிப் பிடித்தார். ஸ்பிரிங்கைச் சற்று இளக்கமானதாக மாற்றியிருக்கிறார். இப்போது கிரீஸ் துப்பாக்கியை ஒளித்து வைத்துவிட்டு, கியர் எண்ணெய்தான் விடுகிறார்.