வானதூதர் பெயர்களும் கத்தோலிக்கத் திருச்சபையும்

வானதூதர்கள் உண்டு என்பது கத்தோலிக்கருக்கு விருப்பம்போல் ஏற்கவோ தள்ளவோ கூடிய கருத்து அன்று. அது விசுவாச உண்மை. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், காணக்கூடியவற்றையும் காணமுடியாதவற்றையும் கடவுளே படைத்தார் என்று அறிக்கையிட்டபோது வானதூதரையும் படைப்புகளின் வரிசையிலேயே வைத்தது. ஆனால் மக்களின் ஆர்வம் அத்தோடு நின்றதில்லை. தூதர்களின் பெயர் என்ன, யாரை அழைத்தால் என்ன கிடைக்கும் என்று அறியும் ஆவல் எல்லாக் காலத்திலும் இருந்தது. திருச்சபைக்குச் சிக்கல் எழுந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விவிலியம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் நல்ல தூதர்கள் மூவரே: மிக்கேல், கபிரியேல், இரபேல். இவர்களுள் இரபேலின் பெயர் தோபித்து நூலில் மட்டுமே வருகிறது. ஊரியேல், இரகுவேல் முதலிய பெயர்கள் ஏனோக்கு நூல் போன்ற, கத்தோலிக்க விவிலியத்தில் சேராத பழைய யூத நூல்களிலிருந்து பரவியவை. (எத்தியோப்பியத் திருச்சபை ஏனோக்கு நூலை ஏற்பதால் அங்கு ஊரியேலுக்கு வணக்கம் உண்டு.)

இந்தப் பெயர்கள் பெரும் வழக்காக வெடித்தது 8-ஆம் நூற்றாண்டில், பிராங்கு நாட்டில். ஆல்டெபெர்ட் என்னும் போதகர் அங்கு ஊர் ஊராகச் சென்றார். உலகின் கடைக்கோடியிலிருந்து ஒரு வானதூதர் தமக்குத் திருப்பண்டங்கள் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னார். இயேசுவே எழுதி வானிலிருந்து விழுந்ததாக ஒரு கடிதத்தையும் காட்டினார். வயல்வெளிகளிலும் நீரூற்றுகளின் அருகிலும் சிலுவைகளையும் சிறு செபக்கூடங்களையும் நாட்டினார். மக்கள் ஆலயங்களை விட்டு அங்கே கூடினார்கள். அவரது நகமும் முடியும் புனிதப் பொருளாக வழங்கப்பட்டன. உங்கள் பாவங்கள் எனக்கு முன்பே தெரியும், அறிக்கையிடத் தேவையில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அவர் சொன்னதாகப் புனித போனிப்பாசு திருத்தந்தைக்கு எழுதி முறையிட்டார்.

கி.பி. 745-இல் திருத்தந்தை சக்கரியா உரோமையில் சங்கம் கூட்டி இதை விசாரித்தார். ஆல்டெபெர்ட் இயற்றிய செபம் அங்கு வாசிக்கப்பட்டது. அதில் எட்டுத் தூதர்களின் பெயர்கள் இருந்தன: ஊரியேல், இரகுவேல், துபுவேல், மிக்கேல், ஆதினுஸ், துபுவாஸ், சபாவோக், சிமியேல். கபிரியேலும் இரபேலும் இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மிக்கேல் தவிர மற்றவை தூதர்களின் பெயர்களே அல்ல, தூதர் என்ற போர்வையில் அவர் அழைத்தவை பேய்கள் என்று ஆயர்கள் தீர்ப்பளித்தனர். அவருடைய குருத்துவம் பறிக்கப்பட்டது. எழுத்துகளை எரித்துவிட வேண்டும் என்றனர் ஆயர்கள். திருத்தந்தையோ அவற்றைக் காப்பகத்தில் வைக்கச் சொன்னார்.

சங்கம் வானதூதர் வணக்கத்தைத் தடைசெய்துவிட்டது என்று இதைப் படிப்பது தவறு. தூதரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, திருவருட்சாதனங்களையும் ஆயரையும் தேவையற்றவர்களாக்கிய ஒருவரின் செல்வாக்கே அங்கு உண்மையான கேள்வி.

ஆவல் அதன்பிறகும் அடங்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் சிசிலியைச் சேர்ந்த அந்தோனியோ தெல் தூக்கா என்ற குரு, ஏழு அதிதூதர்களின் பக்திக்காகப் பல ஆண்டுகள் உரோமையில் மன்றாடினார். இறுதியில் திருத்தந்தை நான்காம் பயஸ் 1561-இல் இசைந்தார். தியோக்ளேசியன் பேரரசரின் பழைய குளியல் மண்டபத்தை மைக்கலாஞ்சலோ ஆலயமாக வடிவமைத்தார். ஆனால் ஆலயத்தின் பெயரில் ஏழு அதிதூதர்கள் இல்லை. அது வானதூதர்கள், மறைசாட்சிகள் ஆகியோரின் அன்னை மரியாவின் பெயரைத் தாங்கியது.

அண்மைக்கால வழக்கு ஆஸ்திரியாவைச் சேர்ந்தது. இன்சுபுருக்கில் வாழ்ந்த கபிரியேலே பிட்டர்லிக் என்ற பெண்மணி, தமக்குக் கிடைத்ததாகக் கூறிய வெளிப்பாடுகளில் ஏராளமான தூதர்களின் பெயர்களையும் பணிகளையும் எழுதினார். அவற்றைச் சார்ந்து 'வானதூதர் பணி' என்ற இயக்கம் வளர்ந்தது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1983-இலும் 1992-இலும் அந்தப் பெயர்களைப் போதிக்கவோ செபங்களில் பயன்படுத்தவோ கூடாது எனத் தடுத்தது. இயக்கம் பின்னர் தன்னைத் திருத்திக்கொண்டது. 2010-இல் பேராயம் அதை ஒப்புக்கொண்டதோடு, இயக்கத்திலிருந்து விலகிப் பழைய பெயர்களையே பரப்பிவந்த சிலரைப் பற்றி ஆயர்களை எச்சரிக்கவும் செய்தது.

இதற்கிடையே 2001-இல் வெளியான மக்கள் பக்தி பற்றிய வத்திக்கான் வழிகாட்டி, மூவர் தவிர வேறு தூதருக்குப் பெயரிடும் பழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது என்றது. அக்டோபர் 2 அன்று காவல் தூதர்களின் நினைவு திருவழிபாட்டில் கொண்டாடப்படுகிறது. அவர்கள் யாருக்கும் அங்கே பெயர் சொல்லப்படுவதில்லை.