சூரியனும் தண்ணீரும் அச்சிட்ட பரிசுகள்

கல்யாண நாளுக்குக் காபி கோப்பை, பிறந்தநாளுக்குத் தலையணை உறை, எல்லாவற்றிலும் சொந்தப் படம்... இன்றைக்கு இது கடைக்காரர் கொஞ்ச நேரத்தில் முடித்துத் தரும் வேலை. ஆனால் படத்தைத் தன் கையாலேயே ஒரு பொருளாக்கி வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் பழக்கம் கம்ப்யூட்டரை விட நூறு வயது மூத்தது. அதற்கு அன்று தேவைப்பட்டவை இரண்டு உப்புகள், கொஞ்சம் வெயில், ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான்!

1842ல் இங்கிலாந்தின் வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல் (யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன்) 'சயனோடைப்' என்ற முறையைக் கண்டுபிடித்தார். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு ஆகிய இரண்டையும் தண்ணீரில் கரைத்துக் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தின் மேல் தடவி உலர்த்த வேண்டும். அதன்மேல் ஒரு பொருளையோ நெகட்டிவையோ வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து 'பிரஷ்யன் நீலம்' என்ற கரையாத சாயமாகிவிடும். வெயில் படாத இடத்தில் இருந்த மருந்து தண்ணீரில் அலசினால் போய்விடும். நீலப் பின்னணியில் வெள்ளைப் படம்! (பெயரில் சயனைடு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இதில் அது இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால், துப்பறியும் நாவல்களில் வரும் சயனைடு போலக் கொடிய நஞ்சு அல்ல.) பிற்காலத்தில் கட்டட வரைபடங்களை நகலெடுக்க இதே முறைதான் பயன்பட்டது. நம்மூர் இன்ஜினியர்கள் வாயில் வரும் 'ப்ளூ பிரிண்ட்' என்ற சொல்லின் பூர்வீகம் இதுதான்.

வெள்ளி உப்புகளைக் கொண்டு படமெடுத்த மற்றவர்களுக்கு இருட்டறையும், படத்தை நிலைநிறுத்தத் தனி ரசாயனமும் தேவைப்பட்டன. இதற்குத் தண்ணீரே போதும். ஒரு வீட்டின் பின்கட்டில் செய்துவிடலாம் என்பதுதான் இதன் முழுப் பெருமையும்.

அதை அப்படியே செய்து காட்டியவர் அன்னா அட்கின்ஸ் (1799-1871). கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். இவருடைய தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் ஓர் அறிவியலாளர், ஹெர்ஷலின் நண்பர். ஹெர்ஷலின் கண்டுபிடிப்பு வெளிவந்த மறு வருடமே, 1843ல், அன்னா கடற்பாசிகளைக் காகிதத்தின் மேல் பரப்பி வெயிலில் வைத்துப் படமாக்கத் தொடங்கினார். கேமரா கிடையாது, பாசியே நெகட்டிவ். விளக்கங்களையும் கையால் எழுதி, அதே நீலத்தில் அச்சிட்டார். 1853 வரை பத்து வருடங்கள், பகுதி பகுதியாக, நூற்றுக்கணக்கான தாள்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக வெயிலில் காட்டி அலச வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும். அதுவும் இங்கிலாந்து வெயிலில்!

இந்தப் புத்தகம் கடையில் விற்கப்படவில்லை. நண்பர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் அன்பளிப்பாகவே போனது. புகைப்படங்களால் விளக்கப்பட்ட உலகின் முதல் புத்தகம் என்று இன்று போற்றப்படும் நூல், அடிப்படையில் ஒரு வீட்டுத் தயாரிப்புப் பரிசு! பின்னர் தோழி ஆன் டிக்ஸனோடு சேர்ந்து பெரணிகள், பூச்செடிகள் கொண்ட ஆல்பங்களையும் செய்தார். புத்தகத்தில் அவர் முழுப்பெயரைப் போடவில்லை, 'ஏ.ஏ.' என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். பரிசு வாங்கியவர்களுக்கு யாரென்று தெரியும், அது போதும் என்று நினைத்திருக்கலாம். விளைவு? அவர் இறந்து இருபது வருடம் ஆவதற்குள், புகைப்பட வரலாற்றை ஆராய்ந்த ஒருவர் அந்த எழுத்துகளுக்கு 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது பெயரில்லாத பொழுதுபோக்காளர், என்று அர்த்தம் சொல்லிவிட்டார். நல்லவேளை, பிறகு உண்மை தெரியவந்தது.

ஆனால் சொந்தக் குடும்பத்தின் முகத்தைப் பரிசாக்க வேண்டுமென்றால் கேமரா வேண்டுமே? அதற்குச் சாமானியர்கள் இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1888ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொண்டுவந்த முதல் கோடாக் கேமராவின் விலை 25 டாலர். நூறு படம் எடுத்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், கழுவிக் கொடுக்க இன்னொரு 10 டாலர். 1900ல் ஒரே ஒரு டாலருக்கு 'பிரவுனி' வந்தபோதுதான் சிறுவர்கள் கையிலும் கேமரா ஏறியது.

கையில் நெகட்டிவ் குவிந்ததும் ஹெர்ஷலின் நீலம் மறுபடி உயிர்பெற்றது. இருட்டறை வைக்க இடமில்லாத அமெச்சூர்களுக்கு நீலக் காகிதம் மலிவான வழி. காகிதத்தோடும் நிற்கவில்லை. அதே கரைசலில் பருத்தித் துணியை நனைத்து உலர்த்தி, குடும்பப் படங்களை அதில் அச்சிட்டுத் தலையணை உறையாகவும், துண்டுகளை இணைத்துப் போர்வையாகவும் தைத்தார்கள்.

நீலம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. பெல்ஜியத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய வேதியியலாளர் லியோ பேக்லண்ட் (பிற்காலத்தில் பேக்லைட் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்த அதே ஆள்தான்) 'வெலாக்ஸ்' என்ற காகிதத்தை உருவாக்கினார். மந்தமான காகிதம், வீட்டு எரிவாயு விளக்கின் வெளிச்சத்திலேயே அச்சிடலாம். 1899ல் ஈஸ்ட்மன் அதை விலைக்கு வாங்கினார். சில வருடங்களில் பின்பக்கம் தபால் அட்டை போல அச்சிட்ட போட்டோ காகிதம் விற்பனைக்கு வந்தது. 1903ல் அட்டையின் அளவுக்கே நெகட்டிவ் தரும் 3ஏ மடக்குக் கேமராவும் வந்தது. நெகட்டிவைக் காகிதத்தின் மேல் நேரடியாக வைத்து அச்சிடும்போது நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவுதான். அதனால் அளவு பொருந்தியது பெரிய விஷயம்.

காலமும் கூடிவந்தது. அமெரிக்கக் கிராமங்களில் வீட்டு வாசலுக்கே தபால் வரத் தொடங்கியிருந்தது. அட்டைக்கு ஒரு சென்ட் தபால் செலவு. 1907லிருந்து முகவரிப் பக்கத்திலேயே பாதியில் செய்தியும் எழுதலாம், எனவே முன்பக்கம் முழுக்கப் படத்துக்கே. 1908 ஜூனில் முடிந்த ஒரு வருடத்தில் அமெரிக்கத் தபாலில் எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 67 கோடியே 70 லட்சம் அட்டைகள் போயின. அன்று நாட்டின் மக்கள்தொகை ஒன்பது கோடிகூட இல்லை! மேற்குச் சமவெளிகளில் புல்மண் கட்டிகளால் வீடு கட்டிக் குடியேறியவர்கள், அந்த வீட்டு வாசலில் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தை ஊரில் இருக்கும் உறவுகளுக்கு அட்டையாக அனுப்பினார்கள். பல நேரங்களில் பேரனின் முகத்தைத் தாத்தா பாட்டி பார்த்தது அந்த அட்டையில் மட்டுமே.

ராணிகளும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து அரசி அலெக்ஸாண்ட்ரா கோடாக் பைத்தியம். தான் எடுத்த குடும்பப் படங்களைத் தொகுத்து 1908ல் ஒரு கிறிஸ்துமஸ் பரிசுப் புத்தகமாக வெளியிட்டார், வருமானம் தர்மத்துக்குப் போனது.

இந்தக் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும். அதே அட்டைக் காகிதத்தில்தான், அமெரிக்காவில் கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்ற 'லிஞ்சிங்' காட்சிகளும் அச்சாயின. கொலையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவற்றை நினைவுப் பொருளாக வாங்கி, உறவினர்களுக்கு அனுப்பினார்கள். படத்தில் முகம் தெரிய நிற்பதற்கும் அவர்கள் வெட்கப்படவில்லை. அத்தகைய அட்டைகளைத் தேடிச் சேகரித்த ஜேம்ஸ் ஆலன் 2000ல் அவற்றை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்து, 'வித்தவுட் சாங்சுவரி' என்ற புத்தகமாகவும் வெளியிட்டார். பரிசு என்று பெயர் சூட்டிவிட்டால் மனிதன் எதையெல்லாம் தபாலில் போடுவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சாதாரணக் குடும்ப அட்டைகள் பல இன்று பழம்பொருள் கடைகளில் கிடக்கின்றன. பெரும்பாலும் படத்தில் இருப்பவர் பெயர் இருக்காது, வாங்கியவருக்குத்தான் தெரியுமே! தபால்தலை ஒட்டும் கட்டத்தில் இருக்கும் 'அஸோ' போன்ற காகிதப் பெயரையும், அதைச் சுற்றியுள்ள முக்கோணங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதையும் வைத்துச் சேகரிப்பாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள்.

நீலத் துணிகளின் பாடு வேறு. பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. சலவைச் சோடா பட்டால் படம் மஞ்சளடித்து அழிந்துவிடும், ஆகவே ஆசையாகக் கொடுத்த தலையணை உறையைத் துவைத்தவர்கள் அதை இழந்தார்கள். வெயிலில் கிடந்து வெளுத்தால் மட்டும் வழியுண்டு. சில நாள் இருட்டில் வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனால் போன நீலம் பெருமளவு திரும்பி வந்துவிடும்.