நாகேஷ்

நாகேஷ் (1933–2009): தமிழ் நகைச்சுவை, குணச்சித்திர நடிகர். தாராபுரத்துக்காரர், முன்னாள் ரயில்வே ஊழியர். வாய்ப்புத் தேடிய காலத்தில் சென்னை தியாகராய நகரில் இவருடைய அறைத்தோழர் ஸ்ரீரங்கத்துக் கவிஞர் வாலி.

இளைஞர் நகைச்சுவைப் படங்களுக்கு முன்னோடியான, இயக்குநர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) இவருக்குப் பெரும்புகழ் தந்தது. ரவிச்சந்திரன் அதில் கதாநாயகனாக அறிமுகமானாலும், மனத்தில் நிற்பவர் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ பட நிறுவனத்தின் செல்லப்பாவாக வரும் நாகேஷ்தான். அப்பாவாக நடிக்கும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் கதவுச் சத்தம், காலடி, ஊளை எல்லாம் இவர் வாயிலிருந்தே வரும். பாலையா பயந்து நடுங்குவார். சிரிப்பில் பாதி பாலையாவின் முகத்துக்கும் சேர வேண்டியது.

ஒல்லி உடம்பும் அம்மைத் தழும்பு முகமும் தடையாகவில்லை: ‘சர்வர் சுந்தரம்’ (1964), வாலி பாடல் எழுதிய ‘எதிர்நீச்சல்’ (1968) இரண்டிலும் இவரே நாயகன். தேசிய விருது இவருக்கு ‘நம்மவர்’ (1994) படத்தில் நடித்ததற்கே கிடைத்தது, ரொம்பத் தாமதம்.