பகிடிக்கும் பகிடிவதைக்கும் நடுவில் ஒரு சிரிப்புக்குறி

தவணை தொடங்கின முதல் கிழமை அது. எங்கட பீடத்து வட்ஸ்அப் குறூப்பில் புதுசா வந்த ஒரு தங்கச்சி, "பதிவுக்கு எங்க வரவேணும்?" எண்டு கேட்டா. எங்களில் ஒருவர், நூலகத்து மேல்மாடிக்கு மூன்று படங்களோட போகச் சொல்லி எழுதினார். நாங்கள் எல்லாரும் சிரிச்சோம். அவ உண்மையாவே போய், பூட்டின கதவுக்கு முன்னால ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறா. அது தெரியவந்தபோது ஒருத்தருக்கும் சிரிப்பு வரேல்லை.

முகம் தெரியாத ஆட்கள் ஒரே இடத்தில் பகிடியும் விட்டு, புத்தியும் சொன்னால், எது பகிடி, எது புத்தி என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி எங்களுக்குப் புதுசு. ஆனால் நாற்பது வருடங்களுக்கு முன்னமே வேறொரு கம்பஸில் இதே சிக்கல் வந்திருக்கிறது.

1982 செப்டம்பர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையினர் கணினி வழியான ஓர் அறிவிப்புப் பலகையில் கதைத்துக்கொள்வார்கள். லிஃப்ற் ஒன்று கயிறு அறுந்து விழுந்தால் அதற்குள் எரியும் மெழுகுதிரிக்கும் ஒரு துளி பாதரசத்துக்கும் என்ன நடக்கும் என்று ஒருவர் புதிர் போட்டார். இன்னொருவர் அதை வைத்தே பகிடி விட்டார்: பரிசோதனையால் இடப்பக்க லிஃப்றில் பாதரசம் சிந்திவிட்டது, கொஞ்சம் தீயும் பட்டுவிட்டது என்று எச்சரிக்கை போல எழுதினார். முதல் புதிரை வாசிக்காத ஆட்கள் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பகிடிக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு எழும்பியது. நட்சத்திரக்குறி போடலாம் என்றார் ஒருவர், வீதக்குறி நல்லது என்றார் இன்னொருவர். செப்டம்பர் 19, முற்பகல் 11.44க்கு ஸ்கொட் ஃபால்மன் என்ற ஆய்வாளர் :-) என்ற குறியை முன்வைத்தார், தலையைச் சரித்துப் பார்க்கும்படி. பகிடி அல்லாததற்கு :-( போடலாம் என்றும் சேர்த்தார். அந்தச் செய்தி காணாமல் போய், 2002இல்தான் பழைய நாடாக்களிலிருந்து மீட்கப்பட்டது.

இதில் எங்களை யோசிக்க வைத்தது ஒன்றுதான். அவர்கள் ஒரே துறை ஆட்கள், ஒரே லிஃப்றில் ஏறி இறங்குபவர்கள். அவர்களுக்கே பகிடி விளங்கவில்லை. கன்ரீன் மேசையில் கண்ணும் குரலும் சொல்லிவிடுவதை எழுத்து தானாகச் சொல்லாது.

ஒரு கட்டடத்துக்குள் இப்படியென்றால், ஊர் விட்டு ஊர் எப்படி? 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான ரொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் இருவரும் திட்டமிட்டு, 1980இல் இயங்கத் தொடங்கியது யூஸ்நெற். ஒரு கணினி இன்னொன்றுக்குத் தொலைபேசி வழியே அழைத்துச் செய்திகளைக் கைமாற்றும். சமையல், கார், பிள்ளை வளர்ப்பு என்று தலைப்புக்கு ஒரு குழு உருவானது. ஒருவர் கேட்பார், கண்டறியாத பத்துப் பேர் பதில் எழுதுவார்கள். பிழையான புத்தி சொன்னால் பதினோராவது ஆள் வந்து திருத்துவார். எல்லாரும் பார்க்கிற இடத்தில் சொன்னதுதான் அந்தப் புத்திக்குப் பாதுகாப்பு.

பகிடிக்கென்றே தனிக் குழுவும் இருந்தது. சிலரைப் புண்படுத்தக்கூடிய பகிடி என்றால், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளிப் போட்டு எழுதுவார்கள். மொத்தம் 26 எழுத்து என்பதால் இன்னொருமுறை 13 தள்ளினால் பழையபடி வந்துவிடும். இரகசியம் காக்க அல்ல அது. வாசிப்பதா வேண்டாமா என்று வாசிப்பவரே முடிவெடுக்கட்டும் என்ற மரியாதை.

ஆனால் புதுசா வருபவர்? ஒவ்வொரு செப்டம்பரும் அமெரிக்கக் கம்பஸ்களில் புதுமுக மாணவர்கள் யூஸ்நெற்றுக்குள் நுழைவார்கள், கேட்டதையே திரும்பக் கேட்பார்கள். பழைய ஆட்களுக்கு எரிச்சல். அந்த எரிச்சலுக்கு இரண்டு நல்ல மருந்து கண்டுபிடித்தார்கள். ஒன்று, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைப் பதிலோடு தொகுத்துத் திரும்பத் திரும்பப் போடுவது. மற்றது, பிரட் டெம்பிள்ரன் எழுதிய 'எமிலி போஸ்ற்நியூஸ்' என்ற கற்பனை ஆலோசகி. அமெரிக்காவின் பிரபல நடத்தை நூலாசிரியர் எமிலி போஸ்ற்றின் பெயரைத் திருப்பி வைத்த பெயர் அது. கடிதத்தின் கீழே கையொப்பம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கேட்டால், முடிந்தளவு நீளமாக என்பா. எல்லாமே தலைகீழான புத்தி. ஆனால் வாசித்து முடிய எப்படி நடக்கவேணும் என்று புது ஆளுக்கு விளங்கிவிடும். சிரிப்பு, பிழையான நடத்தையைப் பார்த்து. கேள்வி கேட்டவரைப் பார்த்து அல்ல.

1994இல் ஏஓஎல் நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்கும் யூஸ்நெற்றைத் திறந்துவிட்டது. புது ஆட்கள் வருவது அதன்பிறகு நிற்கவேயில்லை. 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழைய ஆட்கள் பகிடியாகச் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பகிடியில் ஒரு துக்கம் இருக்கிறது, ஒரு பெருமையும் இருக்கிறது. தாங்களும் ஏதோ ஒரு செப்டம்பரில் ஒன்றும் தெரியாமல் வந்த ஆட்கள் என்பதை அது மறந்துவிடுகிறது.

எங்கட தமிழில் 'பகிடி'யோடு 'வதை'யைச் சேர்த்தால் வேறொரு சொல் வருகிறது. அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. நூலகத்து மேல்மாடிப் பகிடி அந்தச் சட்டத்துக்குள் வருமோ இல்லையோ, அந்தச் சொல்லின் முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்கு நாங்கள் நடந்த தூரம் பெரிசில்லை. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தால் அது பகிடி. தெரியாதவர் செலவில் தெரிந்தவர் மட்டும் சிரித்தால், எந்தக் குறி போட்டாலும் அது வேறு.

இப்ப எங்கட குறூப்பில் பதிவு, விடுதி, பஸ் நேரம் எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி மேலே பொருத்தி வைத்திருக்கிறோம். பகிடியை நிறுத்தவில்லை. கேள்விக்கு முதலில் பதில், பிறகு பகிடி என்று ஒரு வழக்கம் மட்டும் வைத்திருக்கிறோம்.

அந்தத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவ ஒரேயொரு சிரிப்புக்குறி அனுப்பினா. அது பகிடியா, கோபமா எண்டு எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை.