ஒரு வெள்ளியும் காப்புறுதிச் சந்தாவும்

காய்ச்சல் என்று மலேசியாவின் அரசாங்கக் கிளினிக்கிற்குப் போகும் குடிமகன் கொடுப்பது ஒரு வெள்ளி. டாக்டர் பார்ப்பதும் மருந்தும் அதில் அடக்கம். மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி. 1982-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணையில் உள்ள கணக்கு இது. இன்று ஒரு குவளை தே தாரேக்கூட ஒரு வெள்ளிக்குக் கிடைப்பது அரிது.

நோயாளியின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நம்மவர்களுக்குத் தோட்டத்திலேயே தொடங்கிவிட்டது. காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் மலேரியா தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது. 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மருத்துவப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. இரக்கம் மட்டுமா காரணம்? கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆள் செத்துப்போனால் முதலாளிக்கு நட்டம்!

ஆனால் அந்த மருந்து செக்ரோலில் பெயர் உள்ளவரைதான். வேலை போனால் அஸ்பத்திரியும் போயிற்று.

இந்த முடிச்சை அவிழ்த்தது அரசாங்கத்தின் கிராமப்புறச் சுகாதாரச் சேவை. 1950-களில் ஜித்ராவில் பயிற்சி நிலையம் தொடங்கியது. தாதிகளும் மருத்துவச்சிகளும் கம்பங்களுக்குப் போனார்கள். செலவு வரிப்பணத்திலிருந்து வந்தது. நோயாளி எங்கே வேலை செய்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. 1957-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபதுக்கும் மேல் ஓராண்டுக்குள் இறந்தன. 2000-ஆம் ஆண்டுக்குள் அது பத்துக்கும் கீழே இறங்கியது.

இருந்தும், வசதி வந்ததும் மக்கள் தனியார் மருத்துவமனையைத் தேடினார்கள். அரசாங்க மருத்துவமனையில் விடிகாலையிலேயே நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தனியார் மருத்துவமனைகளுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 2006-ல் நடப்புக்கு வந்தது. டாக்டர் கட்டணத்திற்கு உச்சவரம்பு கிடைத்தது. மருந்து, கையுறை, கருவிகள் என்று பில்லில் நீளும் மற்ற வரிகளுக்கு அந்த வரம்பு இல்லை.

அந்த பில் சந்தாவாகத் திரும்பி வந்தது. 2021 முதல் 2023 வரை மருத்துவக் காப்புறுதி இழப்பீட்டுச் செலவு 56 விழுக்காடு கூடியது. 2024 இறுதியில் சிலருக்குச் சந்தா 40 முதல் 70 விழுக்காடு உயரும் என்ற செய்தி வந்தபோது நாடே கொதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. அறுபதும் அதற்கு மேலும் வயதாகி, குறைந்தபட்சத் திட்டத்தில் இருப்போருக்கு ஓராண்டு நிறுத்திவைப்பு.

இத்தனைக்கும், நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் தனியார் காப்புறுதி ஏற்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அரசாங்கம் பாதியைச் சுமக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்களின் கைக்காசு.

வேலையில் இருக்கும்போது கம்பெனி மருத்துவ அட்டை கைகொடுக்கிறது. ஓய்வு பெற்றதும் அட்டை போகிறது. நோய் வரும் வயதில் சந்தாவும் ஏறுகிறது. கட்ட முடியாதவர் பழைய ஒரு வெள்ளிக் கவுண்டருக்கே திரும்புகிறார். அங்கே வரிசை ஏற்கெனவே வாசல்வரை நிற்கிறது.