கோல்ட் வாக்கர் பிறந்த கதை

சாமுவேல் கோல்ட் 1836இல் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கியபோது அமெரிக்க ராணுவம் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் அவர் தொடங்கிய ஆலை 1842இல் நொடித்துப்போனது. கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியாமல் செய்தது டெக்சஸில் நிலத்துக்காக நடந்த சண்டை.

அங்கிருந்த பழங்குடிகளான கோமாஞ்சிகள் குதிரை மேலேயே வளர்ந்த மக்கள். வெள்ளைக் குடியேறி குதிரையை விட்டு இறங்கி நின்று, குழலில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிப்பதற்குள் கோமாஞ்சி வீரன் பாயும் குதிரையிலிருந்து அடுத்தடுத்து அம்புகளை எய்துவிடுவான். குதிரையின் விலாவில் தொங்கிக்கொண்டு, அதன் கழுத்துக்கு அடியிலிருந்தும் எய்வான்.

டெக்சஸ் அப்போது தனிக் குடியரசு. பழங்குடிகளைத் துரத்தியே தீர்வது என்று நின்றவர் அதிபர் லமார். 1840 மார்ச்சில் கோமாஞ்சித் தலைவர்கள் சமாதானம் பேச சான் அன்டோனியோ வந்தார்கள். தாங்கள் பிடித்துவைத்திருந்த வெள்ளையர் எல்லோரையும் அவர்கள் கொண்டுவரவில்லை என்று, பேச வந்தவர்களையே பணயமாகப் பிடிக்கப் பார்த்தது டெக்சஸ் தரப்பு. மோதல் வெடித்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 35 கோமாஞ்சிகள் மாண்டார்கள். அழைத்துவைத்துச் செய்த துரோகம் இது. வேறு பெயர் இதற்குக் கிடையாது. ஆகஸ்டில் கோமாஞ்சிகள் கடற்கரை வரை பாய்ந்து, லின்வில் ஊரைச் சூறையாடி எரித்தார்கள்.

டெக்சஸ் கடற்படைக்கென்று வாங்கியிருந்த கோல்டின் பேட்டர்சன் ரிவால்வர்கள், ஐந்து குண்டு போடுபவை, பிறகு ரேஞ்சர்கள் என்ற எல்லைப் படையின் கைக்கு வந்தன. 1844 ஜூனில் ரேஞ்சர் தலைவர் ஜாக் ஹேஸும் அவருடைய 15 பேர் அளவிலான படையும், தங்களைவிடப் பல மடங்கு கோமாஞ்சிகளைக் குதிரையை விட்டு இறங்காமலே சுட்டு விரட்டினார்கள். அவர்களுள் அன்று ஈட்டிக் குத்துப்பட்டுப் பிழைத்தவர் சாமுவேல் வாக்கர்.

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டதும், 1846இல், வாக்கர் கோல்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் சொன்ன திருத்தங்களோடு மறு ஆண்டு கோல்ட் வாக்கர் வெளிவந்தது: ஆறு குண்டு, சுமார் 2 கிலோ எடை. அமெரிக்க அரசு கேட்டது 1000. கோல்டிடம் ஆலை இல்லை. இளைய எலி விட்னியின் ஆலையில் செய்து கொடுத்தார்.

அதன் உருளையைச் சுற்றி ரேஞ்சர்கள் கோமாஞ்சிகளைத் துரத்தும் காட்சியைப் பொறித்தார்கள். எவருடைய வில்லுக்கு ஈடுகொடுக்க இந்தக் கருவி வேண்டியிருந்ததோ, அவர்களைத் தோற்று ஓடுபவர்களாக மட்டும் காட்டும் படம் ஒவ்வொரு துப்பாக்கியோடும் போனது. அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

வாக்கர் 1847லேயே மெக்சிகோவில் கொல்லப்பட்டார். கோல்ட் ஹார்ட்ஃபோர்டில் புது ஆலை வைத்துப் பெரும் செல்வந்தரானார். ஆனால் கோமாஞ்சிகளை ரிவால்வர் மட்டும் பணியவைக்கவில்லை. எருமைக் கூட்டங்கள் அழிக்கப்பட்டு, 1874இல் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் பிடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அமெரிக்க ராணுவம் சுட்டுக் கொன்ற பிறகே, மறு ஆண்டு அவர்களுடைய கடைசிக் குழு சரணடைந்தது.