மின்னணு இறப்புப் பதிவு முறைமை (ஐக்கிய அமெரிக்கா)

மின்னணு இறப்புப் பதிவு முறைமை என்பது, இறப்புச் சான்றிதழைத் தாளில் நிரப்பிக் கைமாற்றுவதற்குப் பதிலாக, இணையம் வழியாக நிரப்பி, உறுதிசெய்து, பதிவாளரிடம் சேர்ப்பிக்க உதவும் கணினி முறைமை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 50 மாநிலங்கள், வாசிங்டன் டி. சி., நியூயார்க் நகரம், 5 ஆட்சிப்பகுதிகள் என 57 பதிவு எல்லைகள் இறப்புப் பதிவைத் தனித்தனியே நடத்துகின்றன. எனவே முறைமையின் பெயரும் விதிகளும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

வரலாறு

2003 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சீர்தர இறப்புச் சான்றிதழ் மின்னணுப் பதிவையும் கருத்திற் கொண்டு வடிவமைக்கப்பட்டது. கலிபோர்னியா 2005 இல் தனது முறைமையைத் தொடங்கியது. டெக்சாசில் 2007 இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவச் சான்றை மின்னணு முறையில் அளிப்பதைக் கட்டாயமாக்கியது. அங்கு 2019 சனவரி முதல் டெக்ஸ்எவர் என்னும் முறைமை பயன்படுகிறது.

செயற்படும் முறை

1. இறுதிச் சடங்கு இயக்குநர் இறந்தவரின் பெயர், பிறந்த நாள், முகவரி, தொழில் முதலிய விவரங்களை உள்ளிடுகிறார். சமூகப் பாதுகாப்பு எண் இணையவழியே சரிபார்க்கப்படுகிறது.
2. மருத்துவச் சான்றாளர் இறந்த நேரம், இறப்புக் காரணம், இறப்பின் வகை ஆகியவற்றை நிரப்புகிறார். சிகிச்சை அளித்த மருத்துவர், மருத்துவ ஆய்வாளர் அல்லது இறப்பு விசாரணை அலுவலர் சான்றாளராக இருக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழைந்து அவர் அளிக்கும் உறுதிப்பாடு கையொப்பமாகக் கொள்ளப்படும்.
3. பதிவாளர் பதிவை ஏற்றுக்கொள்கிறார். அதன் பின்னரே குடும்பத்தினர் சான்றிதழின் படிகளைப் பெறலாம்.

டெக்சாசில் சான்றாளர் 5 நாட்களுக்குள் தம் பகுதியை முடிக்க வேண்டும். சான்றிதழ் இறந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். சான்றாளர் தாமதித்தால் காப்பீடு, ஓய்வூதியம், சொத்து மாற்றம் ஆகியவற்றுக்காகக் குடும்பத்தினர் காத்திருக்க நேரிடும்.

இறப்புக் காரணத்தை எழுதுதல்

காரணப் பகுதி இரு பிரிவுகளைக் கொண்டது. முதற் பிரிவில் உடனடிக் காரணம் மேல் வரியிலும், அதற்கு வழிவகுத்தவை கீழ் வரிகளிலும் எழுதப்படும். எடுத்துக்காட்டாக:

(அ) நுரையீரல் தமனி அடைப்பு
(ஆ) காலின் ஆழ்சிரையில் குருதியுறைவு
(இ) தவறி விழுந்ததால் தொடையெலும்பு முறிவு

இரண்டாம் பிரிவில் நீரிழிவு போன்ற துணைக் காரணங்கள் இடம்பெறும். மேலுள்ள எடுத்துக்காட்டில் தொடக்கக் காரணம் விபத்து ஆகையால், இது இயற்கை இறப்பு ஆகாது. விசாரணை அலுவலருக்கு அனுப்பப்பட வேண்டியது. "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதினால் இவ்வுண்மை மறைந்துவிடும். பல முறைமைகள் எழுத்துப்பிழை, சுருக்கக் குறியீடு, முழுமையற்ற காரணம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டும். காரணங்கள் பின்னர் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 10 ஆம் பதிப்பின்படி குறியிடப்பட்டு நாட்டின் புள்ளிவிவரங்களில் சேர்கின்றன.

சிக்கல்கள்

தவறுகளை மின்னணுப் படிவம் முற்றாக நீக்குவதில்லை. 2003 ஆம் ஆண்டுப் படிவத்தில் இறந்த பெண் கருவுற்றிருந்தாரா என்னும் வினா சேர்க்கப்பட்டது. டெக்சாசில் 2012 இல் வழக்கமான முறையில் 147 எனக் கணக்கிடப்பட்ட மகப்பேற்று இறப்புகள், மருத்துவப் பதிவுகளுடன் ஒப்பிட்டபோது 56 எனத் தெரியவந்ததாக 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வினாவுக்குத் தவறான விடை தெரிவுசெய்யப்பட்டமை இதற்கு முக்கிய காரணமாகும். 2018 ஆம் ஆண்டுத் தரவு முதல், தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையம் இவ்வினாவின் விடையை 10 முதல் 44 வயது வரையிலானோருக்கு மட்டுமே பயன்படுத்துகிறது.